வெள்ளையாக நின்ற வரி

நாற்பது வயதைத் தாண்டிய ஒருத்தியை உட்கார வைத்து, அவளைவிட எவ்வளவோ சின்னவள் ஒருத்தி, “அக்கா, இந்த வரி எங்கேருந்து வந்தது?” என்று கேட்டால் எப்படி இருக்கும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதை மறைக்கிற சாமர்த்தியமும் எனக்குக் கிடையாது. என் முகத்தைப் பார்த்தாலே போதும், வாயைத் திறக்க வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

டெல்லியில் ஒரு பெரிய மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாகப் பாதி வாழ்க்கையை ஓட்டியவள் நான். திருநெல்வேலிப் பக்கத்தில் நர்சிங் முடித்த கையோடு ரயிலேறி வந்தேன். கல்யாணம், பிள்ளை, மயூர் விஹாரில் ஃப்ளாட் எல்லாம் அந்த வெள்ளை உடுப்போடு வந்தவைதான். பிறகு முதுகு போயிற்று. டிஸ்க் நகர்ந்திருக்கிறது, இனி ஆளைத் தூக்கவே கூடாது என்று எங்கள் மருத்துவமனை டாக்டரே சொல்லிவிட்டார். நோயாளியைப் புரட்டிப் போட முடியாத நர்ஸை எந்த வார்டு வைத்துக்கொள்ளும்? நானே எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். வந்த பிறகுதான் அடுத்து என்ன செய்வது என்று யோசித்தேன்.

நொய்டாவில் ஒரு கம்பெனி மருத்துவ எழுத்தாளர்களை எடுக்கிறது, நர்ஸ்களும் எழுதிப் போடலாம் என்று கூட வேலை பார்த்த ஒருத்தி சொன்னாள். பரீட்சை வைத்தார்கள், எடுத்துக்கொண்டார்கள். ஆறு மாதம் புரொபேஷன். அது முடியும்போது உறுதி செய்தால் வேலை, இல்லையென்றால் வீடு. எனக்குத் திரும்பிப் போக வார்டு இல்லை. அந்த ஆறு மாதமும் காலையில் மெட்ரோ ஏறும்போது எனக்கு அது ஒன்றுதான் ஞாபகம்.

மருத்துவ எழுத்து என்றதும் எங்கள் சர்ச்சில் பலர், நான் பத்திரிகையில் வெந்தயத்தின் பலன்களை எழுதுவதாக நினைத்துக்கொண்டார்கள். அதுவல்ல. புது மருந்தைக் கொடுத்துச் சோதிக்கும்போது யாருக்காவது ஏடாகூடமாக ஏதாவது ஆகிவிட்டால், அந்த ஆளுக்கு என்ன கொடுத்தார்கள், என்ன ஆயிற்று, என்ன செய்தார்கள், கடைசியில் எப்படி இருந்தார் என்று ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நரேட்டிவ் என்பார்கள். அந்த மருந்தைக் கடைக்கு விடலாமா கூடாதா என்று முடிவு செய்கிறவர்கள் அதைப் படிப்பார்கள். எழுதுகிறவர்கள் நோயாளியைப் பார்ப்பதேயில்லை. அந்த மருத்துவமனையில் எழுதி வைத்த குறிப்புகள் ஸ்கேனாகி ஒரு ஃபைலாக வரும். அதுதான் நமக்குக் கண், காது எல்லாம்.

பயிற்சி என்று முதலில் சில வாரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். ஒரு பெண் குரல் பாடம் நடத்தும். கீழே ‘அடுத்து’ என்று ஒரு பட்டன் இருக்கும். அமுக்கினால் அடுத்த பாடம். கடைசியில் கேள்வி கேட்கும். தப்பாகச் சொன்னால் சரியான விடை வருகிறவரை திரும்பத் திரும்பக் கேட்கும், ஆக யாரும் தோற்கவே முடியாது. சர்ட்டிபிகேட் மட்டும் குவிந்தது. “ஏட்டி, இத்தன சர்ட்டிபிகேட் எங்க ஆபீஸ் டைரக்டருக்கே கெடையாது” என்றார் லோதி ரோட்டில் குமாஸ்தாவாக இருக்கும் என் வீட்டுக்காரர். அவ்வளவு படித்தும் ஒரு நரேட்டிவை எங்கே தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகுதான் என்னை, முதலில் சொன்னேனே, அந்தச் சின்னப் பெண்ணிடம் விட்டார்கள். பார்மசி படித்தவள். தாத்தா காலத்தில் தஞ்சாவூரிலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்து கரோல் பாகில் தங்கிவிட்ட குடும்பம். தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டிக்கூட வாசிக்க வராது. ஆபீஸில் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள், என்னை மட்டும் அக்கா என்றாள். அந்த அக்காவில் சலுகை ஒன்றும் கிடையாது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது.

“எழுதினதை பிரிண்ட் எடுங்கோ அக்கா. ஒவ்வொரு வரிக்கும் ஃபைல்ல விரல் வெச்சுக் காட்டுங்கோ. காட்ட முடிஞ்சா அந்த வரிக்கு மார்க்கரால மஞ்சள் அடிங்கோ.”

“காட்ட முடியலைன்னா?”

“விட்டுடுங்கோ. வெள்ளையா நிக்கும். வெள்ளையா நிக்கறது உங்களோடது. மத்லப், அதாவது நோயாளியோடது இல்லே. அது நமக்கு வேண்டாம்.”

என் முதல் நரேட்டிவில் பாதிக்கு மேல் வெள்ளை. ‘நோயாளி மிகவும் பயந்திருந்தார்’ என்று எழுதியிருந்தேன். எங்கே என்றாள். ஃபைலில் இல்லை. மூச்சு முட்டுகிறவள் பயப்படாமல் பாட்டா பாடிக்கொண்டிருப்பாள் என்று கேட்டேன். “பாடினான்னும் எழுத வேண்டாம் அக்கா” என்றாள், சிரிக்காமல். வீட்டுக்கு வந்து அன்றைக்கு முழுக்க அவளைத் திட்டிக்கொண்டே சப்பாத்தி தேய்த்தேன். சப்பாத்தியும் அன்றைக்கு மெத்தென்று வரவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, வாரக் கணக்கில் பட்டனை அமுக்கி வராதது அந்த மார்க்கரில் வந்தது. மூன்றாம் மாதத்தில் என் பக்கங்கள் பெரும்பாலும் மஞ்சளாக இருந்தன. எழுதும்போதே விரல் ஃபைலைத் தேடத் தொடங்கியது. ஐந்தாம் மாதத்தில் அவள் என் பக்கத்தை வாங்கி ஒரு பார்வை பார்த்து, ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்துவிடுவாள். அவளிடமிருந்து வரும் ஒன்றுமில்லாமை பெரிய பாராட்டு. நான் தேறிவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆறாம் மாதத்தில் அந்தக் கேஸ் வந்தது. ஒரு பெண் நோயாளி. டிரிப்பில் புது மருந்து ஏற்றியிருக்கிறார்கள். ஏறிக்கொண்டிருக்கும்போதே உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு இளைத்திருக்கிறது. ஊசி போட்டார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள், பிழைத்துக்கொண்டாள், மறுநாள் வீட்டுக்குப் போனாள். இந்த மாதிரிக் கேஸை நான் எத்தனை பார்த்திருப்பேன். கை தானாக ஓடியது. பிரிண்ட் எடுத்து மஞ்சளும் அடித்து அவளிடம் நீட்டினேன். அன்றைக்கு அவள் திருப்பித் தரவில்லை.

“அக்கா, இந்த வரி வெள்ளையா இருக்கே.”

எட்டிப் பார்த்தேன். ‘டிரிப் உடனே நிறுத்தப்பட்டது.’ மேலும் கீழும் எல்லாம் மஞ்சள். அது மட்டும் நடுவில் வெள்ளையாக இருந்தது. எனக்கே தெரியாமல் என் மார்க்கர் அதைத் தாண்டிப் போயிருக்கிறது.

“இதுக்கு எதுக்கு ஃபைலு? உதடு வீங்குது, மூச்சு இளைக்குது. டிரிப்ப நிறுத்தாம வேடிக்கையா பாப்பாங்க? மொதல்ல கை அங்கதான் போவும்.”

“யாரோட கை?”

“நர்ஸோட கை.”

“அந்த நர்ஸோட கையா, உங்க கையா அக்கா?”

எனக்குச் சுருக்கென்றது. அவள் விடாமல் ஃபைலைத் திருப்பி ஒரு இடத்தில் விரலை வைத்தாள். எவ்வளவு மருந்து ஏறியது என்ற கட்டத்தில், பை முழுவதும் என்று கையால் எழுதியிருந்தது.

“நிறுத்தினா எப்படி முழுசும் போகும்?”

“நிறுத்திட்டு, சரியானதும் மெதுவா விட்டிருப்பாங்க. நாங்களும் அப்படிச் செய்வோம்.”

“அது எந்தப் பக்கம்?”

மார்க்கரை மேஜையில் போட்டேன். போட்ட வேகத்தில் அது உருண்டு கீழே விழுந்தது. அக்கம்பக்கத்து மேஜைகளில் தலைகள் நிமிர்ந்தன. நான் வார்டில் நின்ற காலத்தில் நீ பள்ளிக்கூடத்தில் பென்சில் சீவிக்கொண்டிருந்தாய் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவள் குனிந்து மார்க்கரை எடுத்து, மூடியைப் போட்டு, என் பக்கத்தில் வைத்தாள். அந்த நிதானம்தான் என்னை இன்னும் கிளப்பியது.

எங்கள் இருவருக்கும் மேலே ஒரு புராஜெக்ட் ஹெட் இருந்தார். கான்பூர்க்காரர். குரலை உயர்த்தவே மாட்டார், அப்படிப்பட்டவர்களைக் கண்டால் எனக்குப் பயம். என் வேலையை உறுதி செய்கிற காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான். விஷயம் அவரிடம் போனது. ஃபைலில் இல்லாததைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, மருந்துக் கம்பெனி மூலமாக அந்த மருத்துவமனைக்கே கேள்வி அனுப்புவது. பதில் வர நாளாகும். அதுவரை அந்த நரேட்டிவ் நிற்கும், அதோடு சேர்ந்து முழு அறிக்கையும் நிற்கும்.

“எதற்குக் கேள்வி?” என்றார் இந்தியில். “வழக்கமான சிகிச்சை முறைப்படி கவனிக்கப்பட்டது என்று எழுதுங்கள். முடிந்தது.”

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. யாருக்கும் வலிக்காத வரி, எந்தக் கேஸிலும் பொருந்தும். புரொபேஷன் முடியப் போகிற நேரத்தில் அவர் சொல்வதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு அந்தப் பெண்ணின் மூக்கை உடைக்க வேண்டும். டிரிப் நிறுத்தப்பட்டது என்று மருத்துவமனையே எழுதி அனுப்ப வேண்டும், அதைக் கொண்டுபோய் அவள் மேஜையில் வைத்து, இந்தா உன் பக்கம் என்று சொல்ல வேண்டும். உண்மைக்காக நின்றேன் என்றெல்லாம் அளக்க மாட்டேன். வீம்புக்காகத்தான் நின்றேன்.

“கேள்வி அனுப்பலாம் சார்” என்றேன்.

அவர், “தாமதம் உங்கள் பெயரில் எழுதப்படும்” என்றார். சரி என்றேன். வெளியே வந்ததும் எனக்கே என்மேல் ஆத்திரம் வந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவளுக்கு ஆறு மாதத்தில் என்ன பயிற்சி கொடுத்து என்ன?

பதில் வருகிறவரை ஆபீஸ் முள்ளாகக் குத்தியது. ஹெட் தினமும் காலையில் என் மேஜையைத் தாண்டும்போது நின்று, “வந்ததா?” என்பார். இல்லை என்பேன். தலையை ஆட்டிவிட்டுப் போவார். மேலே இருந்து அவரைக் கேட்கிறார்கள் என்பது அவர் நடையிலேயே தெரிந்தது. வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் காப்பியை வைத்துவிட்டுப் போனார். அந்தப் பெண் மட்டும் எப்போதும்போல இருந்தாள். அடுத்த நரேட்டிவை எடுத்து வைத்து, “இதைப் பாக்கலாமா அக்கா?” என்றாள்.

வெள்ளிக்கிழமை மதியம் பதில் வந்தது. நான்தான் முதலில் திறந்தேன், ஜெயிக்கப் போகிற அவசரம் எனக்கு. மூன்றே வரி. ‘டிரிப் நிறுத்தப்படவில்லை, பை முடியும்வரை ஓடியது. அந்த நேரத்தில் பணியில் இருந்த ஒரே செவிலியர் பக்கத்து வார்டில் உயிருக்குப் போராடிய வேறொரு நோயாளியிடம் இருந்தார். எதிர்வினையை முதலில் கவனித்தவர் நோயாளியின் மகள்.’

அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தோற்றுப்போனதற்காக இல்லை. அந்த வார்டு எனக்குத் தெரியும். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்று தெரியாது, ஆனால் வார்டு தெரியும். ஒரு பக்கம் ஒருவர் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருப்போம், இன்னொரு பக்கம் யாரோ ஒரு பிள்ளை “சிஸ்டர், சிஸ்டர்” என்று ஓடிவரும். எந்தக் கையை எங்கே எடுப்பது? நான் அப்படி நின்றிருக்கிறேன். நான் அப்படி நின்ற நாட்களில் யாருடைய உதடும் வீங்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தப் பெண் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். நான் சொன்னேனே என்று சொல்லவில்லை. “இப்ப எழுதுங்கோ அக்கா” என்றாள்.

எழுதினேன். டிரிப் முடியும்வரை ஓடியது. பணியில் ஒரே ஒரு செவிலியர் இருந்தார், அவர் வேறொரு நோயாளியின் அவசரத்தில் இருந்தார். மகள்தான் முதலில் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் அடித்தேன்.

ஹெட் படித்தார். “டிரிப் முழுவதும் ஏறியது என்பது போதும். செவிலியர், மகள் எல்லாம் வேண்டாம். எடுத்துவிடுங்கள்.”

“சார், அதை எடுத்தா, தெரிஞ்சே ஓட விட்ட மாதிரி ஆகிடும். இல்லைன்னா, மருந்து ஏறினாலும் பெரிசா ஒண்ணும் ஆகலை, அதான் நிறுத்தலைன்னு படிக்கிறவங்க நினைப்பாங்க. ரெண்டும் இல்லையே.” இந்தியில்தான் சொன்னேன், அவசரத்தில் என் இந்தியும் திருநெல்வேலிக்குப் போய்விடும்.

“அந்த மருத்துவமனைமேல் கேள்வி வரும். நம் கிளையன்ட் மருந்துக் கம்பெனி, அவர்கள் விரும்ப மாட்டார்கள். திங்கட்கிழமை உங்கள் புரொபேஷன் மதிப்பீடு. அதற்குள் திருத்திக் கொண்டு வாருங்கள்.” இதையும் மெதுவாகத்தான் சொன்னார்.

சனிக்கிழமை முழுக்க வீட்டில் ரகளை. வீட்டுக்காரருக்கு ஒரே பேச்சு. “ஒனக்கு எதுக்குட்டி அந்த ஊரு நர்ஸு? அவ ஒனக்கு அத்தையா சித்தியா? ரெண்டு வரிய எடுத்துட்டு வேலையப் பாரு.”

“நீங்க சொல்லிருவிய. ஒத்தையில நின்னவளுக்குல்லா தெரியும்.”

“நிக்கத்தான் முடியலன்னு வந்த. இப்ப இந்த வேலையும் போச்சுன்னா என்ன செய்ய? அதையாவது யோசிச்சியா?”

யோசிக்காமலா இருப்பேன்? பிள்ளை ப்ளஸ் ஒன் படிக்கிறாள். ஃப்ளாட்டுக்கு இன்னும் பேங்குக்குக் கட்டுகிறோம். என் முதுகு ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் மூன்று நாள் படுக்க வைக்கிறது. எனக்குப் பயமாக இருந்தது. பயத்தை வெளியே காட்டாமல் இருக்கத்தான் அவர்மேல் பாய்ந்தேன், அது அவருக்கும் தெரியும்.

ஞாயிறு தமிழ் ஆராதனைக்குப் போனோம். டூட்டி முடித்து நேராக வருகிற நர்ஸ் பிள்ளைகள் எப்போதும் கடைசி பெஞ்சில் உட்காருவார்கள். அன்றைக்கு ஒரு பிள்ளை பிரசங்கம் முடிகிறவரை பாட்டுப் புத்தகத்தில் நெற்றியை வைத்துத் தூங்கினாள். பக்கத்தில் இருந்தவள் அவளை எழுப்பவில்லை, கொஞ்சம் நகர்ந்து இடம்தான் கொடுத்தாள். ஆராதனை முடிந்து திரும்பி வந்தோம். அவர் என்னைப் பார்த்துவிட்டு, “எடுக்க மாட்ட போல” என்றார். மாட்டேன் என்றேன். அதன்பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவேயில்லை.

திங்கட்கிழமை அந்த நரேட்டிவைத் திருத்தாமல், அதே மஞ்சள் பக்கத்தோடு ஹெட்டின் அறைக்குப் போனேன். பயிற்சி கொடுத்தவள் என்பதால் அந்தப் பெண்ணும் உட்கார்ந்திருந்தாள். அவர் என் பக்கத்தைப் பார்த்தார். செவிலியரும் மகளும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். மதிப்பீட்டுக் காகிதத்தை என் பக்கம் தள்ளி, “படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்” என்றார்.

உறுதி செய்யலாமா என்ற கட்டம் காலியாக இருந்தது. அதற்கு மேலே மூன்று வரிகள் ஆங்கிலத்தில் இருந்தன. வேலையில் மெதுவானவர். வாதாடுகிறார். திருத்தங்களை ஏற்றுக்கொள்வதில்லை. இதற்குக் கீழே என் கையெழுத்து விழுந்தால் அந்தக் காலிக் கட்டத்தில் என்ன வரும் என்று எனக்குத் தெரியாதா? அழுதுவிடுவேனோ என்று பயந்தேன். அழுகை வரவில்லை, வந்தது கோபம். கையில் மார்க்கர் இருந்தது.

மெதுவானவர். அதற்கு மஞ்சள் அடித்தேன். கேள்வி அனுப்பிய தேதி, பதில் வந்த தேதி எல்லாம் பதிவில் இருக்கிறது. வாதாடுகிறார். அதற்கும் அடித்தேன். வேண்டுமானால் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்கலாம். மூன்றாவது வரிக்கு அடிக்கவில்லை. காகிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

“சார், இது மட்டும் வெள்ளையா இருக்கு. இதுக்கு எந்தப் பக்கம்?”

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் தன் பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். ஆறு மாதமாக நான் எழுதியவை. வெள்ளையாக நின்ற வரிகளை எல்லாம் அவள் சொல்லி நான் பேனாவால் குறுக்கே அடித்து நீக்கியிருந்தேன், ஒன்றுவிடாமல். ‘டிரிப் உடனே நிறுத்தப்பட்டது’ என்ற வரியும் அதில் அடிபட்டிருந்தது. இதையெல்லாம் அவள் எடுத்து வைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது.

“வெள்ளிக்கிழமை நான் சொன்ன திருத்தத்தை ஏற்கவில்லையே” என்றார்.

“ஃபைலைக் காட்டித் தப்புன்னு சொல்லுங்க சார், இப்பவே எடுத்துடுறேன். ஃபைல்ல இருக்கறதை எடுக்கச் சொல்றீங்களே, அது எப்படித் திருத்தமாகும்?” எனக்கு இந்த வேலை வேண்டும் சார் என்றும் சொன்னேன். அதைச் சொல்ல வெட்கப்படவில்லை.

அந்தப் பெண் நரேட்டிவை இழுத்து, செவிலியர் இருந்த வரியில் ஒரு விரலும் மருத்துவமனையின் பதிலில் ஒரு விரலுமாக வைத்தாள். “பாருங்கோ சார். மஞ்சள்” என்றாள் இந்தியில். அவ்வளவுதான் பேசினாள்.

அவர் இரண்டு காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து மூன்றாவது வரியைக் குறுக்காக அடித்தார். காலிக் கட்டத்தில் உறுதி செய்யலாம் என்று டிக் செய்து கையெழுத்துப் போட்டார். “நரேட்டிவ் இப்படியே போகட்டும். கிளையன்ட் வெட்டினால் அது அவர்கள் பாடு. ஆனால் நீங்கள் மெதுவானவர்தான்” என்றார். ஆமாம் சார் என்றேன்.

சாயங்காலம் இருவரும் ஒரே மெட்ரோவில் ஏறினோம். எனக்கு மயூர் விஹார், அவளுக்குக் கரோல் பாக். பெண்கள் பெட்டியில் இடம் கிடைத்தது. வீட்டுக்காரருக்கு போன் செய்து சொன்னேன். அவர், “சரி, வரும்போது தயிர் வாங்கிட்டு வா” என்றார். அந்தக் குரலிலேயே அவர் மூச்சு விட்டது தெரிந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் பார்க்காத மாதிரி இருந்தாள். நியூ அசோக் நகர் தாண்டியதும் அவளாகவே பேசினாள்.

“ஒண்ணு தோணறது அக்கா. அந்த நர்ஸ் சார்ட்ல ‘நிறுத்தினேன்’னு எழுதியிருந்தா, நாம அதுக்கு மஞ்சள் அடிச்சிட்டுப் போயிருப்போம், இல்லையா? யாருக்கும் தெரிஞ்சிருக்காது.”

எனக்கு அதுவரை அது உறைக்கவில்லை. நர்ஸ்கள் எல்லாரும் ஷிஃப்ட் முடிந்துதான் சார்ட்டில் குறிப்பு எழுதுவோம். உடனே நிறுத்தப்பட்டது, உடனே தெரிவிக்கப்பட்டது என்று பேனா அதுபாட்டுக்கு ஓடும், என் பேனாவும் அப்படி ஓடியதுதான். அந்த நர்ஸும் அன்றைக்கு அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள். பக்கத்து வார்டு ஆள் பிழைத்தாரோ இல்லையோ. அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் அவளை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவள் எழுதவில்லை. பை முழுவதும் ஏறியது என்று, தனக்கு எதிராக நிற்கப் போகிறதை எழுதிவிட்டுப் போயிருக்கிறாள். என் கைதான் அவள் கையும் என்று நினைத்துக்கொண்டு, அவள் எழுத மனம் வராத பொய்யை நான் டைப் அடித்து, பிரிண்ட் எடுத்து நீட்டியிருக்கிறேன்.

எழுத மனம் வரவில்லை என்பதற்கு என்னிடம் பக்கம் கிடையாது. மறந்துகூடப் போயிருக்கலாம். அந்த வரி வெள்ளைதான், என்னுடையதுதான். அதை மட்டும் நான் குறுக்கே அடித்து நீக்க மாட்டேன்.